சகாயம் பொட்டி எறக்குற ஸ்டைலு

கன்டெய்னர் யார்டுல லோடு பொட்டியத் தூக்குறதுகூட ஈஸி நைனா, பக்கத்து வண்டிக்காரன் நல்ல பேரு வாங்குறத சிரிச்சிகினே பாக்குறதுதான் பேஜாரு. உங்க ஆபீஸ்லயும் அப்டி ஒருத்தன் கீறான் இல்ல? எங்க திருவொத்தியூர் யார்டுல அவன் பேரு சகாயம்.

பூனை ஒக்காந்த மாதிரி

ரெண்டு பேரும் ஓட்டுறது பொட்டி தூக்குற ஒரே மாதிரி கிரேன் வண்டி. நான் லாரி மேல பொட்டி வெச்சா 'டமார்'னு எண்ணூர் வரிக்கும் கேக்கும். அவன் வெச்சா பூனை ஒக்காந்த மாதிரி. எப்டிடான்னு கேட்டா, "கைல வரணும் மாமு"ன்னு மீசைய நீவிக்குவான். ஒருதபா நான் வெச்ச வேகத்துல லாரி டிரைவரோட டீ, அவரு சட்டை மேலயே கொட்டிகிச்சு. நேரா சூப்பர்வைசராண்ட போனாரு.

"எவ்ளோ நேரம்னாலும் நிக்கிறேன் சார், அந்த சகாயத்தையே வெக்கச் சொல்லு!"

ஒரே வரி

மேனேஜர் புது ஆர்டர் போட்டாரு: தெரிஞ்ச தொழிலை எல்லாரும் எழுதிக் குடுக்கணும். நல்லா சொல்லிக் குடுக்குறவருக்கு ட்ரெயினிங் இன்சார்ஜ் போஸ்டு. ஏசி ரூமு, சுத்துற சேரு. கேபின்ல வெந்துகினு கீற எனக்கு அந்தச் சேரு மேல ஒரு கண்ணு. ஞாயித்துக்கெழமை பூரா ஒக்காந்து பக்கம் பக்கமா எழுதினேன். சகாயம் எழுதினது, 'பாத்து எறக்கவும்.' அவ்ளோதான். ரெண்டையும் படிச்ச மேனேஜர் என்னாண்ட சொன்னாரு:

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்காரு பாருங்க! நீங்களும் எழுதியிருக்கீங்களே, தொடர்கதை மாதிரி!"

கேன்டீன் கூத்து

புதுசா சேந்த ஆபரேட்டருங்களுக்கு அந்த ஒரு வரிய மட்டும் குடுத்தா இன்னா புரியும்? பொட்டிங்கோ டமார் டமார்னு எறங்குச்சு. நமக்கு மிமிக்ரி கைவந்த கலை. சகாயத்தைக் கலாய்க்கலாம்னு கேன்டீன் ஸ்டூல்ல ஒக்காந்து அவனாட்டமே செஞ்சேன்: கழுத்து ஒருபக்கம், நாக்கு ஓரமா வெளிய, பொட்டி லாரியத் தொடுற நேரம் மூச்சைப் புடிச்சி, லிவரை லேசா விட்டு, நிறுத்தி, திரும்ப விட்டு... 'உஸ்ஸ்'. எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்கோ.

மறுநாள் அத்தினி பேரும் நாக்கை நீட்டிகினு வண்டி ஓட்டுறாங்கோ. ஒரு பொட்டிகூட சத்தம் போடல! நான் வண்டில ஏறுனா மறுபடி நானாயிடுவேன், என்னுது மட்டும் டமார். ரெஜினான்னு ஒரு புது ஆபரேட்டர் பொண்ணு ஓடியாந்து என் கையப் புடிச்சிகிச்சு.

"அண்ணே, சகாயம் அண்ணன் எவ்ளோ சூப்பரா கத்துக் குடுத்துட்டாரு!"

சால்வை

போஸ்டு யாருக்குன்னு கேக்கணுமா? சகாயத்துக்கு சால்வை போட்டாங்கோ. நானும் வயிறு எரிஞ்சிகினே கை தட்டுனேன். சாயங்காலம் சகாயம் என்னை கேட்டாண்ட ஓரங்கட்டி தோள்ல கை போட்டான், மூஞ்சில ஈயாடல.

"மாமு, நாளைக்கு மொத கிளாஸு. நான் எப்டி எறக்குறேன்னு ஒருதபா செஞ்சு காட்டேன்!"

ஆக, ஒரு கம்பெனில தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன், சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவன் இன்னொருத்தன், சேரு மட்டும் ஒண்ணே ஒண்ணுதான் கீது.