கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

2003ஆம் ஆண்டு மே 23, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பதினோரு குடம் பிடித்தோம். ஏழரைக்கு அப்பா இரும்புக்கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குக் கோடை விடுமுறை. ஜூனில் ஆறாம் வகுப்பு. மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இவ்வளவும் அந்த வருடம் நான் எழுதத் தொடங்கிய நோட்டில் இருக்கிறது. அன்று நான் செய்த திருட்டுத்தனம் மட்டும் அதில் இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டி.டி.பி. படித்து, சங்கரன்கோவிலிலேயே ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் டிசைன் செய்துவந்தாள். வயசுப் பிள்ளை பிரஸ்ஸுக்குப் போய்வருவதைச் சொந்தக்காரர்கள் பேசத் தொடங்கியதும், ஆனி மாதத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து செய்வதென்றால் தடையில்லை, அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் வாங்கித் தருவதாகச் சொன்னார். பிரஸ் முதலாளியும், மெஷின் நல்லதாக அமைந்தால் ஆடித்தபசுத் திருவிழா பேனர் வேலை முழுவதையும் வீட்டுக்கே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

அதே அப்பா எனக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தால், அக்கா படித்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஒருநாள் பார்த்த கார்ப் பந்தய கேம் நம் வீட்டிலும் ஓடும் என்று. நான் எடுத்துவிட்டேன். இரண்டு வாக்குகளும் ஒரே மெஷினைப் பற்றியவை என்பது அப்பாவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் பொருத்தித் தரும் அண்ணன் ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வந்தார். அவருக்காக அப்பாவும் கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“அண்ணாச்சி, உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு விதமாப் போடலாம். ஒண்ணு, நல்ல ப்ராசஸர், கூடுதல் மெமரி. டிசைன் வேலைய அடிச்சுக்கிட முடியாது. ஆனா கேம் கார்டு கெடையாது, பாப்பா கேக்குத காரு ஓடாது. இன்னொண்ணு, சின்ன ப்ராசஸர், கேம் கார்டு உண்டு. காரு பறக்கும்.”

“அதுல டிசைன் வேலை?” என்று கேட்டாள் அக்கா.

“பத்திரிகை தாங்கும்மா. பேனர்னா, ஒரு தடவ அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்.”

அப்பா பொருளை எடை போட்டே மதிப்பவர். “ரெண்டுல எது கனம் தம்பி?” என்றார்.

“ப்ராசஸர் தீப்பெட்டி கனங்கூட இருக்காது அண்ணாச்சி.”

“தீப்பெட்டிக்கா இம்புட்டு ரூவா சொல்லுதிய?”

“தராசத் தூக்கிட்டு வந்துராதிய,” என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மறுநாள் மதுரைக்குச் சாமான் எடுக்கப் போவதாகவும், அதற்குள் முடிவைச் சொன்னால் போதும் என்றும் சொல்லிவிட்டு அந்த அண்ணன் போனார். அவர் தலை மறைந்ததும் நான் அழ ஆரம்பித்தேன்.

“எனக்கு இது வேலைப்பா. அவளுக்கு வெளாட்டு,” என்றாள் அக்கா.

“சொன்னியளா இல்லியாப்பா?” என்றேன் நான்.

“சாயங்காலம் அம்மன் சந்நிதியில பூக்கட்டிப் பாத்துருவோம். அவ சொல்லுதபடி செய்வோம்,” என்று அப்பா சட்டையை மாட்டினார். மனை வாங்கும்போதும், அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிவானது. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக ஒரே மாதிரிப் பொட்டலங்களாக்கி, கோமதியம்மன் முன் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. ப்ராசஸருக்குப் பூக்கட்டியவர்கள் ஊரில் எங்களுக்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சிவப்பு வந்தால் நல்ல ப்ராசஸர், வெள்ளை வந்தால் கேம் கார்டு என்று பேசிக்கொண்டோம். அக்காதான் வாழையிலைத் துண்டுகளை அளவு பார்த்து நறுக்கினாள். செவ்வரளியை ஒன்றிலும் நந்தியாவட்டையை ஒன்றிலும் மடித்து நாரால் கட்டினாள். யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. “சின்னவ எடுக்கட்டும். விவரம் தெரியாத பிள்ளை,” என்றார் அப்பா. அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தட்டை என் கையில் கொடுத்தாள்.

தேரடி தாண்டும்போது அப்பாவும் அக்காவும் எனக்கு நான்கு எட்டு முன்னால் நடந்தார்கள். அக்கா கட்டும்போதே கவனித்து வைத்திருந்த வெள்ளைப் பூப் பொட்டலத்தின் அடியில் கட்டைவிரல் நகத்தால் மூன்று கோடு கிழித்தேன். அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மனுக்கு இஷ்டமில்லை என்றால் அந்தக் கோடுகளை அவளே அழித்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் அழிக்கவில்லை. பட்டர் பொட்டலங்களைக் குலுக்கி, அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, தட்டை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தைத் தடவி எடுத்தேன். வெள்ளை.

“அம்மனே சொல்லிட்டா. இனி யாரும் பேசப்படாது,” என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பகலெல்லாம் இறுகியிருந்த அவர் முகம் அப்போதுதான் இளகியது.

அக்கா இரண்டு இலைகளையும் தட்டிலிருந்து எடுத்தாள். பிராகாரத்தில் அப்பா நமஸ்காரம் செய்துகொண்டிருந்தபோது, ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டையும் கசக்கி, குப்பைத் தொட்டியில் போட்டாள்.

“ஏட்டி, ஒனக்கு நகம் நீளமா வளந்திருக்கு. வீட்டுக்குப் போனதும் வெட்டு,” என்றாள்.

“மாலை 6.50. நகம் வெட்டினேன்” என்று நோட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நகம் வெட்டுகிறாளே என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். “நாந்தாம்மா வெட்டச் சொன்னேன்,” என்று அக்கா குறுக்கே வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் நிம்மதியடைந்தேன்.

அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பூ செல்லாமல் போயிருக்கும். எனக்கு விழப்போகும் அடியை நினைத்தாளா, இளகிய அப்பாவின் முகத்தைப் பார்த்தாளா, தெரியவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகியும் நான் அவளிடம் கேட்டதில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை, காப்பி குடிப்பதற்கு முன்னால், அக்கா என்னை அழைத்துக்கொண்டு தெருமுக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். முதலில் திருநெல்வேலி அண்ணனிடம் இரண்டாவதையே எடுக்கச் சொன்னாள். அடுத்துப் பிரஸ் முதலாளிக்குப் போட்டாள்.

“அண்ணாச்சி, பேனர் வேலைக்கு என்னய எதிர்பாக்காதிய. வேற ஆளப் பாத்துக்கோங்க.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “பத்திரிகைய மட்டும் தனியாக் குடுத்துவிட ஒங்களுக்குக் கட்டுப்படியாகாது, தெரியும் அண்ணாச்சி. ஆனியோட நின்னுக்கிடுதேன்.”

திரும்பி வரும்போது, அந்தக் கார் கேமை இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று கேட்டேன்.

“ஆடலாம்ட்டி. எனக்கு இனி நேரந்தான கெடக்கு,” என்றாள் அக்கா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன்.