கேட்டு வாங்குகிற ரோண்டா

பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் ரோண்டா ஸ்டில்ட்னருக்கு அந்த மலைச்சாலையில் நல்ல பெயர் கிடையாது. அமெரிக்காவில் கென்டக்கியின் அந்தப் பக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத்தான் நாக்கு எழாது. ரோண்டாவுக்கு எழும். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய பாத்திரத்தை, அடக்கம் முடிந்த மறுநாளே போய்க் கேட்டு வாங்கி வந்தவள். வெட்கங்கெட்டவள் என்றார்கள். என் பாத்திரத்தை நான் கேட்பதில் வெட்கம் எங்கே வந்தது என்று அவள் எதிர்க்கேள்வி போட்டாள். நியாயம் என்னவோ அவள் பக்கம்தான் இருந்தது.

அவள் கணவன் எல்வின் நேரெதிர். சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்ட பிறகும், ஒரு தம்ளர் தண்ணீர்கூட யாரிடமும் கேட்டதில்லை, பெண்டாட்டியிடமும் சேர்த்துத்தான். தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு இரண்டையும் எதிர்வீட்டு கர்ட்டிஸ் இரவல் வாங்கிப் போய் மாதம் ஆகிவிட்டது. போய்க் கேள் என்று சொல்லிப் பார்த்தாள் ரோண்டா. நான் போய்க் கேட்கட்டுமா என்றும் பார்த்தாள். மானத்தை வாங்காதே என்று தடுத்துவிட்டான்.

அந்த ஞாயிறு அவள் தேவாலயத்திலிருந்து திரும்பியபோது, வாசலில் பிக்கப் வண்டியின் முன்பக்கம் தூக்கியிருந்தது. ஒரு சக்கரத்தைக் கழற்றிப் புல்லில் போட்டிருந்தான். ஆள் அடியில். ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றுகிறானாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தான். அந்த மட்டில் புத்தி இருந்திருக்கிறது. ஸ்டாண்டு இல்லை. அத்தனை பாரத்தையும் தாங்கியது தரையில் உருட்டும் பழைய ஜாக்கி ஒன்றுதான். அதன் அடியில் வைத்த பலகையெல்லாம் ஜாக்கியிலிருந்து கசிந்த எண்ணெய். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி ஒரு நூல் இறங்கியது.

கத்தினால் அவன் பதறுவான். பதறி வண்டியை உந்தினால் ஜாக்கி சரிந்துவிடும். கைப்பையைக் கீழே வைத்தாள், ஜாக்கியின் நீளமான பிடியைப் பற்றிக்கொண்டாள், குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பவளைப்போல் பேசினாள்.

“எல்வின், ஜாக்கி எறங்குது. அசையாமப் படு.”

அதெல்லாம் இறங்கவில்லை என்றான். வண்டி இன்னும் ஒரு நூல் இறங்கியது.

“நெஞ்சுல முட்டுது,” என்றான். குரலே வேறாகியிருந்தது. “நான் வெளிய வந்துர்றேன்.”

“வராத. வண்டி மேல கை பட்டா சாஞ்சிரும். நான் சொல்றப்ப வா.”

“இல்ல ரோண்டா, நான்...”

“வாய மூடிக்கிட்டுக் கெட, கெழவா.”

பிடியை அழுத்த ஆரம்பித்தாள். அழுத்தினால் ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. கழற்றிப் போட்ட சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே தள்ளிவிட்டால் போதும். ஜாக்கி கைவிட்டாலும் அது தாங்கிக்கொள்ளும். ஆனால் சக்கரம் எட்டாத தூரத்தில் கிடந்தது. பிடியை விட்டால்தான் எடுக்கலாம். ஜாக்கி எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவும் ஏற்றினாள். பயத்தில் சாமியைக் கூப்பிடக்கூட மறந்துபோனது. விட்டாள். ஓடிப்போய்ச் சக்கரத்தை உருட்டி வந்து, ஞாயிற்றுக்கிழமைக் கவுனோடு மண்டியிட்டு, படுக்கவைத்து உள்ளே தள்ளினாள். சரளைக்கல்லில் தட்டி நின்றது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள். சட்டத்துக்கு நேர் கீழே போய்ச் சேர்ந்தது.

“இப்ப வா,” என்றாள்.

ஊர்ந்து வந்து புல்லில் உட்கார்ந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி மெல்ல இறங்கி அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. எல்வினுக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொன்னது, இதைக் கர்ட்டிஸிடம் சொல்லிவிடாதே என்பதுதான்.

அதுவரை வராத கோபம் அப்போது வந்தது அவளுக்கு. சாலையைத் தாண்டிப் போய் ஸ்டாண்டுகளைக் கேட்டாள். கர்ட்டிஸ் பதறிப்போனான், முன்னாடியே கேட்டிருக்கலாமே என்று புலம்பிக்கொண்டே ஸ்டாண்டுகளோடு தன் ஜாக்கியையும் தூக்கிக்கொண்டு வந்தான். வண்டியை ஏற்றி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, அவற்றின் பூட்டுப் பல் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பாரத்தை அவற்றின் மேல் இறக்கினார்கள். சக்கரம் அடியிலேயே கிடக்கட்டும் என்றாள் ரோண்டா. தோளைக் கொடுத்து வண்டியை உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. எல்வின் குனிவதற்குள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவளே அடியில் நுழைந்துவிட்டாள்.

மோட்டாருக்கு இரண்டு போல்ட்டு. கல்யாணம் ஆனதிலிருந்து அவனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா என்ன. வண்டி மலைபோல் நின்றது, ஆபத்து எதுவும் இல்லை. ஆனாலும் வெளியே நின்றவனுக்கு நிலைகொள்ளவில்லை. அந்த ஸ்பானர் சேராது என்றான். மீதியைக் கர்ட்டிஸ் முடிப்பான் என்றான். அவள் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரோண்டா, வெளிய வந்துரு.” எதிர்வீட்டுக்காரன் பக்கத்தில் நிற்பதையும் அவன் பார்க்கவில்லை. “உன்னக் கெஞ்சிக் கேக்குறேன், வந்துரு.”

அவன் யாரிடமும் எதையும் கேட்டு அவள் காதால் கேட்டதே இல்லை. இரண்டாவது போல்ட்டையும் இறுக்கிவிட்டுத்தான் வந்தாள்.