ஏழு பேர் ஏறிய காலை

திண்டுக்கல்லிலிருந்து ரயிலில் பதினோரு நிமிடம். எங்கள் ஊர் நிலையத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ‘ஹால்ட்’ என்பதைத் திரித்து ‘ஆல்ட்டு’ என்போம். ஒரு சீட்டு அறை, இரண்டு கல் பெஞ்சு, மூன்று வேம்பு. மீட்டர்கேஜ் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து மண் சுமந்து மேடாக்கிய இடம் அது. நானும் பதினான்கு கூடை கொட்டினேன். அகலப்பாதை வந்தபோது வண்டி உயர்ந்தது, மண் உயரவில்லை. ஏறும்போது முழங்கால் மார்பில் இடிக்கும்.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தினமும் காலை வண்டிக்குப் போய் நின்றேன். எங்கும் போவதற்கல்ல. ஆள் குறைந்தால் வண்டியை நிறுத்தமாட்டார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அந்தக் கவலையில் ஏறுகிறவர்களை எண்ணி நோட்டில் எழுதிவந்தேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு. பாதிக்குமேல் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மூட்டையோடு போகிற பெண்கள்.

அவர்களில் ஒருத்தி என் எதிர்வீடு. மல்லிகைத் தோட்டம்தான் அவள் பிழைப்பு.

“இன்னைக்கு எம்புட்டுத் தலை, வாத்தியாரய்யா?” என்பாள். “என்னைய ரெண்டாப் போட்டுக்கங்க. இந்த மூட்டையும் ஒரு ஆளு கனம்தான்.”

அவளுக்குச் சீட்டு உண்டு. மூட்டைக்கு எடுக்கவேண்டிய லக்கேஜ் சீட்டு கிடையாது. அங்கே யாருடைய மூட்டைக்கும் கிடையாது.

ஆவணியில் ஒரு காலை, வெள்ளைச்சட்டை போட்ட இருவர் கையில் நோட்டோடு வேம்படியில் நின்றார்கள். அவள் மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள். எதிரே விரைந்து போய், “செக்கிங் போலிருக்கும்மா” என்றேன்.

“ஆத்தாடி!” என்றவள், பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள்: “அடியே, செக்கிங்காம்டி! பஸ்ஸுக்குத் திரும்புங்க!”

இரண்டு நிமிடத்தில் வரிசை முழுவதும் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. மூட்டையில்லாதவர்கள்கூட, எதற்கு வம்பு என்று அவர்கள் பின்னால் போனார்கள்.

வண்டி வந்தது. ஏழு பேர் ஏறினார்கள்.

“தினமும் இம்புட்டுத்தானா சார்?” என்று வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் கேட்டார். அப்போதுதான் புரிந்தது. அவர்கள் சீட்டுப் பார்க்க வந்தவர்கள் இல்லை. ஆள் எண்ண வந்தவர்கள்.

“முப்பத்தாறுக்குக் குறையாது” என்று என் நோட்டை நீட்டினேன்.

“நாங்க பாத்ததைத்தான் சார் எழுத முடியும்.”

அவர் ஏழு என்று எழுதினார். தப்பில்லை. நானும் ஏழுதான் எண்ணியிருந்தேன்.

தை மாதத்திலிருந்து வண்டி நிற்பதில்லை. சீட்டு அறையைப் பூட்டிவிட்டார்கள். பஸ்ஸில் மூட்டையை ஏற்ற கண்டக்டர் முகம் சுளிக்கிறார். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து அவள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது காலை ஏலம் முடிந்துவிடுகிறது, பூவும் வாடிவிடுகிறது. தோட்டத்தில் பாதியை அழித்து மக்காச்சோளம் போட்டிருக்கிறாள்.

ஆனாலும் என்னைப் பார்த்தால் நிற்கிறாள். இன்று காலையும் நின்றாள்.

“வண்டி போனாப் போகுது, வாத்தியாரய்யா. அன்னைக்கு நீங்க மட்டும் சொல்லலைன்னா மூட்டையோட மாட்டியிருப்பேன். உங்க புண்ணியம்.”

அன்று வந்தவர்கள் செக்கிங் இல்லை, ஆள் எண்ண வந்தவர்கள் என்று சொல்லிவிடலாமென வாயைத் திறந்தேன். ஆட்டோ வந்துவிட்டது. மூட்டைக்கு ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். முன்பு இருந்த கனத்தில் பாதிகூட இல்லை.

அவள் அப்படி நன்றி சொல்வது இது எட்டாவது முறை.