சாதிக்காய் மரத்தடியில் ஒரு மர்மம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

பலாபத்வலயில் நான் காவல் புரியும் வாசனைத் திரவியத் தோட்டத்திற்கு, வழிகாட்டி வேலை கேட்டு ஒரு பெண் வந்தார். ஒல்லியான உருவம், கைப்பையில் எந்நேரமும் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல். அவர் அறிந்த ஆங்கிலச் சொற்கள் யாவும் அத்தகைய நாவல்களிலிருந்து பொறுக்கியவை.

வழக்கமாகப் பாதியிலேயே திரும்பிவிடும் வெளிநாட்டுப் பயணிகளைக் கடைசி மரம்வரை அழைத்துச் சென்றால் வேலை தருவதாக முதலாளி கூறினார்.

சாதிக்காய் மரத்தடியில் அந்தப் பெண் பயணிகளிடம் குரலைத் தாழ்த்தி, "இதை அளவின்றித் தின்றவர் பிழைப்பது சந்தேகம். மிகுதி அடுத்த மரத்தில்" என்று ஆங்கிலத்தில் கூறிவிட்டு நடந்தார்.

நான் பதறி, "என்ன புள்ள, வந்தவங்கள இப்படிப் பயமுறுத்துற?" என்றேன்.

"பயந்தவங்கதாங்க ஐயா அடுத்த பக்கத்தப் புரட்டுவாங்க."

கடைசிக் கறுவா மரம்வரை ஒருவரும் விலகவில்லை, வேலையும் கிடைத்தது. சாதிக்காய் மரத்தை மட்டும் நான் இன்றும் சற்று ஒதுங்கியே கடக்கிறேன்.

இக்குறிப்பைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.