நாய்களுக்காகச் சுட்ட பிஸ்கற்

பெரிய நாய் முதன்முதலாக வாந்தி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிணற்றடியில். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாய் என்றால் புல்லைத் தின்னும், கக்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு வரும். இரண்டு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவிவிட்டுக் குசினிக்குள் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நாய்ச்சோற்றைக் கிளறினேன்.

வீட்டில் நானும் கணவரும் இரண்டு நாய்களும்தான். மகள் வெளிநாட்டில். நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில், ஒரு ஓட்டோ மட்டும் போகக்கூடிய ஒழுங்கையின் கடைசிக்கு முதல் வீடு. பெரியது மண்ணிறக் கடுவன், ஆறு வயது. சின்னது வெள்ளைப் பெட்டை, ஒரு வயதுகூட நிரம்பவில்லை. நாடு முழுக்க எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் கடைகளில் நாய்ச்சாப்பாட்டுப் பைகள் இல்லாமல் போயின. அப்போதுதான் பெரியதுக்குச் சமைக்கத் தொடங்கினேன். பைகள் திரும்பி வந்த பிறகும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவளுக்குக் காலை எட்டு மணி போல நீளமான நேரம் வேறு இல்லை. கணவருக்குச் சீனி வருத்தம். அவருடைய சோற்றுக் கோப்பையில் எதைப் போடுவதென்றாலும் டொக்டர் எழுதித் தந்த தாளைப் பார்க்க வேண்டும். நாய்கள் அப்படி இல்லை. சட்டி மூடியின் சத்தத்துக்கே இரண்டும் குசினிப் படியில் வந்து நிற்கும்.

பச்சையரிசியைக் குழையவிட்டு, பூசணிக்காய், கரட், சூடை மீன் அல்லது கோழி ஈரல் போட்டு அவிப்பேன். உப்பு இல்லை. வெங்காயம் நாய்க்குக் கூடாது, சொக்கிலேற் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். கூடாதவை அந்த இரண்டும்தான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குள் மச்சம் சமைப்பதில்லை; நாய்களின் மீன் மட்டும் வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில் மூன்று கல்லின் மேல் தனிச் சட்டியில் வேகும். அந்த மணத்துக்குக் கணவர் மூக்கைச் சுளிப்பார்.

“உமக்கு உது நாயோ, மருமகனோ? விருந்தெல்லோ நடக்குது.”

பிஸ்கற் பிறகு வந்தது. குரக்கன் மாவையும் அவித்த இனிப்பு வத்தாளங்கிழங்கையும் சேர்த்துப் பிசைந்து, சின்ன வட்டங்களாகத் தட்டி, மகள் ஒருகாலத்தில் கேக் செய்த அவணில் மொறுமொறு என்று காயும்வரை சுடுவேன். பின்னேரம் நாலு மணிக்குப் பெரியது வந்து என் முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு நிற்கும். விரலில் பல் படாமல் வாங்கும்.

பக்கத்துக் காணிக்காரர், ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர், தனி ஆள். மனைவி இறந்து பல வருடங்கள். அறுபத்தைந்து வயதிருக்கும், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முன்பு புகையிலை செய்தவர், இப்போது முந்திரிகைப் பந்தல் போட்டிருந்தார். திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். அந்த முறை பழம் கறுத்து வருகிற நேரம் பார்த்துக் காலம் தப்பிய மழை கொட்டி, குலைகள் எல்லாம் வெடித்துவிட்டன. சந்தைக்குக் கொண்டுபோக முடியாத பழத்தை ஒரு பெரிய பேசினில் நிறைத்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

“தங்கச்சி, உதை எறிய மனம் வரேல்லை. நல்லாக் கழுவிப்போட்டு ஏதும் செய்யுங்கோ.”

கணவருக்கு இனிப்பு ஆகாது. நான் ஒருத்தி எவ்வளவைத் தின்பது? மழைக்குப் பிறகு வெயில் நெருப்பாக எறித்தது. மூன்று தரம் கழுவி, சுளகுகளில் பரப்பிக் காயவிட்டேன். ஒரு கிழமையில் சுருங்கிக் கறுத்துப் பாணியாக இனித்தது. கை நிறைய அள்ளிக் குரக்கன் மாவில் போட்டுப் பிசைந்தேன். சுடும்போது வீடு முழுக்க வாசம். நாய்களுக்கு இப்படி ஒரு பலகாரத்தை இந்த ஊரில் ஒருத்தியும் சுட்டிருக்க மாட்டாள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அதே நாட்களில் வேறு இரண்டு விஷயங்களும் நடந்தன. அவை நடந்திராவிட்டால் என் புத்தி வேறு பக்கம் போயிருக்கலாம். பெரியது வேலி ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் நுழைந்து, அண்ணை புதிதாக நட்ட இரண்டு கொடிகளைக் கிண்டி வேரோடு வெளியே போட்டுவிட்டது. அவர் பந்தலடியில் நின்று கத்தினார்.

“நாயைக் கட்டி வையுங்கோ, தங்கச்சி! பூச்சி மருந்தடிக்கிற இடம். ஒரு நாளைக்குச் செத்துக் கிடந்தா என்னைச் சொல்லக் கூடாது!”

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒழுங்கை முகப்பில் மதகடியில் ஒரு தெருநாய் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. யாரோ சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். எதனால் செத்தது என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் அண்ணையின் தோட்டத்திலிருந்து மருந்தடிக்கிற மெஷினின் இரைச்சல் கேட்டபடி இருந்தது.

ஆகவே, புதன்கிழமை பெரியது சோற்றை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியபோது என் கண் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. கோழி ஈரல் போட்ட சோறு. அந்த நாய் அதுவரை ஒரு நாளும் கோப்பையில் மிச்சம் வைத்ததில்லை. வாளித் தண்ணீரை மட்டும் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மாமரத்தடியில் ஈர மண்ணில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்தது. வியாழக்கிழமை அது மூத்திரம் பெய்யவில்லை. காலையில் வழக்கமாகக் கால் தூக்கும் கிணற்றுக் கப்பி மரம் வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று, என்ன செய்ய வந்தோம் என்பதை மறந்ததுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அதன் வாயிலிருந்து ஒருவித நாற்றம் வந்தது.

சோறு தொடாத நாய் பிஸ்கற்றை மட்டும் என் கையிலிருந்து வாங்கியது. பசியால் அல்ல, நான் நீட்டுகிறேன் என்பதற்காக. வயிற்றில் ஏதாவது போகட்டும் என்று பக்கத்தில் இருந்து, தலையைத் தடவி, உடைத்து உடைத்துக் கொடுத்தேன். மூன்று, நாலு.

வியாழன் பின்னேரம் நான் வேலியடிக்குப் போனேன். கணவர் தடுத்தார்.

“இஞ்சை பாரும், கண்ணாலை காணாததைக் கதைக்காதையும்.”

நான் கேட்கவில்லை. அண்ணை கொடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ரை நாய்க்கு என்னத்தைப் போட்டனீங்கள்?”

“என்ன தங்கச்சி?”

“மதகடி நாய்க்குப் போட்டதைத்தானே இதுக்கும் போட்டனீங்கள்? வாயில்லாச் சீவன் அண்ணை. உங்களுக்கு நல்ல சாவு வராது!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த எங்கள் ஒழுங்கைக் கடைக்காரர் நின்றார். முன்வீட்டுப் பெண் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அண்ணை தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். தண்ணீர் அவருடைய காலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

“நான் ஒண்டும் போடேல்லை,” என்றார். ஒருமுறைதான் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டோ பிடித்து இரண்டு நாய்களையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். என் மகளின் வயதுப் பெண். பெரியதின் கண்ணையும் பல் முரசையும் பார்த்தாள், வயிற்றை அமத்தினாள், இரத்தம் எடுத்தாள்.

“நஞ்சு வைச்சிட்டினம் டொக்டர்,” என்றேன். “பக்கத்து வீட்டுக்காரர்.”

அவள் பேனையை எடுத்தாள். “என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள், அன்ரி?”

நான் பெருமையோடு சொன்னேன். அரிசி, பூசணி, மீன், உப்பில்லை, வெங்காயமில்லை. கடைப் பிஸ்கற் வாங்குவதே இல்லை, நானே சுடுவேன். குரக்கன், வத்தாளங்கிழங்கு, காயவைத்த முந்திரிகை.

அவளுடைய பேனை நின்றது.

“முந்திரிகையோ? எத்தனை நாளாக் குடுக்கிறியள்?”

“போன ஞாயிறிலையிருந்து.”

“நேற்றும் குடுத்தனீங்களோ?”

“ஓம். சோறு தின்னேல்லை எண்டு நேற்றுக் கொஞ்சம் கூட…”

அவள் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தாள். முந்திரிகை நாயின் சிறுநீரகத்தை அடிக்கும் என்றாள். காய்ந்தது இன்னும் மோசம். எல்லா நாய்க்கும் ஒரே மாதிரிச் செய்யாது. ஒரு நாய் நிறையத் தின்றும் ஓடித் திரியும், இன்னொன்றுக்குக் கொஞ்சமே போதும். “இஞ்சை கனபேருக்குத் தெரியாது அன்ரி,” என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். நான் அவளுடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் என் தோளில் கை வைத்தார். வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

சின்னதுக்கும் சேலைன் ஏற்றினார்கள். அது இனிப்பை விரும்பித் தின்பதில்லை. வாங்கிக்கொண்டு போய் வாழையடியில் புதைத்துவிடும். அதனால் பிழைத்தது. பெரியதுக்கு இரண்டு நாள் ஏற்றியும் ஒரு துளி மூத்திரம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், மருந்தேற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலத்தில், குசினிப் படிக்குக் கீழே சாக்கில் படுத்தபடி செத்தது.

கணவருக்குக் காலில் ஆறாத புண். அந்தக் காலோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோடிப்புறத்துக்குப் போய் நாலு வெட்டு வெட்டியிருப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் சருகு நெரிபடும் சத்தம் கேட்டது. அண்ணை பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். மண்வெட்டியை வாங்கி வெட்டத் தொடங்கினார். முழங்கால் ஆழத்துக்குப் போனதும் எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணை, நீங்கள் இல்லை. முந்திரிகையாலை வந்தது. நான் காயவைச்சுப் பிஸ்கற்றிலை போட்டனான். டொக்டர் சொல்லிப்போட்டா.”

அவர் நிமிர்ந்தார்.

“முந்திரிகையோ? நான் தந்ததோ?”

“நான் சுட்டது.”

அவர் மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது,” என்றார். “அது போகட்டும். ஆனா ஒழுங்கையிலை நீங்கள் சொன்னது ஊர் முழுக்கப் பரவிப்போட்டுதே, தங்கச்சி. நேற்றுக் கடைக்குப் போனனான். ஒருத்தரும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.”

குழியை மூடிய பிறகு அவர் கைகழுவக்கூட நிற்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தேன்: வேலிப் பொட்டைப் பனைமட்டை வைத்து இறுக்கி அடைத்திருந்தார்.

ஒரு கிழமைக்கு நான் வீடு வீடாகப் போனேன். முன்வீட்டில் சொன்னேன், கடையில் சொன்னேன், கோயில் வீதியில் கண்டவர்களை மறித்துச் சொன்னேன். நாயைக் கொன்றது என் பிஸ்கற்தான், அண்ணையில் பிழை இல்லை. எல்லாரும் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள். முன்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு நல்ல மனசு ரீச்சர், பக்கத்து வீட்டோடை பகை வேண்டாம் எண்டு அப்பிடிச் சொல்லுறியள்,” என்றாள். கடைக்காரர் சிரித்தார். “முந்திரிகை திண்டு நாய் சாகுமோ? எங்கடை நாய் மாம்பழம், பிலாப்பழம் எல்லாம் தின்னுது.” நான் கத்திச் சொன்ன ஒரு பொய்யை ஒரு நிமிடத்தில் நம்பியவர்கள், நிதானமாகச் சொன்ன உண்மையை ஒரு கிழமையாகியும் நம்பவில்லை.

இரண்டு மாதம் போனது. சின்னதுக்குச் சமைக்கிறேன், ஒவ்வொரு பொருளையும் அந்த வைத்தியப் பெண்ணிடம் கேட்டுக்கேட்டு. அண்ணை ஒழுங்கைக் கடைக்குப் போவதை நிறுத்திச் சந்திக் கடைக்குப் போகத் தொடங்கியிருந்தார். போகவரத் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பார்.

ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையில் சத்தம் கேட்டது. கடைக்காரரின் நாய் விடிய முதல் செத்துக் கிடந்ததாம். ஏழெட்டுப் பேர் அண்ணையின் படலைக்கு முன்னால் நின்றார்கள். ஒருவருடைய கையில் கொட்டன் தடி இருந்தது. அண்ணை உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

“வெளியிலை வாரும்! ரீச்சரின்ரை நாய்க்குச் செய்ததுதானே இதுக்கும் செய்தனீர்!”

நான் செருப்பும் போடாமல் ஓடினேன். ஆட்களை விலக்கிக்கொண்டு போய்ப் படலையில் முதுகை வைத்து நின்றேன். மூச்சு வாங்கியது.

“என்ரை நாயைச் சாக்காட்டினது நான்,” என்றேன். “என்ரை கையாலை ஊட்டிச் சாக்காட்டினனான். அண்டைக்கு இவரிலை வாயாலை பழி போட்டதும் நான்தான். அடிக்கிறதெண்டா என்னை அடியுங்கோ.”

கொட்டன் வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார். முன்வீட்டுப் பெண் நிலத்தைப் பார்த்தாள். இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர் மட்டும் அசையவில்லை. அவருடைய கண் சிவந்திருந்தது, அழுதிருந்தார்.

“சரி ரீச்சர், உங்கடை நாய்க்கு முந்திரிகை,” என்றார். “அப்ப என்ரை நாய்க்கு? நான் உதொண்டும் குடுக்கேல்லையே.”

அந்த நாய் எதனால் செத்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே, அண்ணை இருமுவது கேட்டது. கதவு திறக்கவில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலால் அந்தக் கதவைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.