கையை எடுக்கும் பழக்கம்

எஞ்சின் சத்தம் அடங்கியதும் யாழினி இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கால்களும் பெடலை விட்டு விலகின.

"ஏனுங்க யாழினி, பஸ்ல உக்காந்திருக்கீங்களா?" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் ஷாஹிதா. எஞ்சின் நிற்கவில்லை. பயிற்சிக்காக அதன் வேகத்தைக் குறைத்தவர் அவர்தான். சிறிய விமானம் தானாகவே மூக்கைத் தாழ்த்திக்கொண்டது.

தரையிறங்கிய பிறகு சொன்னார்: "உயரத்துல இருந்ததால தப்பிச்சோம். ஏறிட்டிருக்கறப்ப எஞ்சின் நின்னா, மூக்கை உடனே நீங்கதான் தாழ்த்தணும். இல்லைன்னா வேகம் போயி விமானம் விழுந்துரும். இந்தப் பழக்கம் போற வரைக்கும் உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன்."

எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயம் அங்கே பயில வரும் எல்லோருக்கும் உண்டு. யாழினிக்கு இப்போது தன் கைகளைப் பார்த்துப் பயம்.

வீரபாண்டியில் வீட்டை ஒட்டி அம்மா நடத்தும் பனியன் கம்பெனியில் வளர்ந்தவள் அவள். பயிற்சியில் சேரும் வரை, துணியின் ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டினாள். கரண்ட் போனால் கையை எடு, காலை எடு. பெடலில் கால் இருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால் ஊசி விரலில் இறங்கும். அம்மா மயிலாத்தாள் ஓயாமல் சொன்னது அது. தன் விரல்கள் முழுசாக இருப்பது அதனால்தான் என்று யாழினிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப நாஞ்சொன்னது தப்பாப் போச்சா?"

"இல்லீங்மா. மெஷினுக்கு அதுதான் சரி. அங்க ஆகாது."

"அங்க என்ன பண்ணோணும்?"

"கையை எடுக்காம மூக்கைத் தாழ்த்தணும். எறங்க எடம் பாக்கணும்."

மயிலாத்தாள் ஒரு மெஷினில் ஊசியையும் கத்தியையும் கழற்றினார். மெயின் சுவிட்சுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "ஓட்டு கண்ணு. எப்ப அமத்துவேன்னு சொல்ல மாட்டேன். கை துணியிலயே இருக்கோணும். செய்யறதை வாய் விட்டுச் சொல்லோணும்."

அவசர ஆர்டருக்காக வேலைக்கு வந்திருந்த எல்லோருடைய மெஷின்களும் நின்று நின்று ஓடின. முதலில் யாழினியின் கை ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டது.

"ஏனுங்க்கா, கரண்ட் ஆபீசுக்காரங்களே உங்ககிட்டத் தோத்தாங்க போங்க. இன்னைக்குச் சரக்குப் போகுமா?" என்றாள் பக்கத்து மெஷினில் இருந்த குல்சார் பேகம்.

"போவும் போவும். இவ மொதல்ல பத்திரமா எறங்கட்டும்."

யாரும் முகம் சுளிக்கவில்லை. மாலைக்குள் விளக்கு அணையும்போதெல்லாம் கம்பெனியே "மூக்கு கீழ!" என்று கத்தியது. யாழினியின் கை துணியிலேயே இருந்தது.

அடுத்த பயிற்சியில் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது ஷாஹிதா சொல்லாமல் வேகத்தைக் குறைத்தார்.

"மூக்கு கீழ!" யாழினி கத்திக்கொண்டே தாழ்த்தினாள். "அந்தச் சோளம் அறுத்த காட்டுல எறங்கறேனுங்க."

ஷாஹிதா வேகத்தைக் கூட்டிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார். "இப்படிக் கத்த யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"எங்க கம்பெனியேதானுங்க மேடம்."

இறங்கியதும் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். மெஷின் சத்தம் ஓயும் வரை காத்திருந்து எல்லோருக்கும் நன்றி சொன்னாள். "அது கெடக்குது, சாப்பிட்டியா கண்ணு?" என்றார் மயிலாத்தாள்.

மறுநாள் காலை காற்று குறைவாக இருந்தது. ஷாஹிதா இறங்கிக்கொண்டார். யாழினி தனியாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கினாள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பத்து மணிக்கு மேகம் மூடியதால் மற்றவர்களின் பயிற்சி தள்ளிப்போனது. மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதம்.