கம்பளியக்காவும் கண்டக்டரின் ஸ்வெட்டரும்

அந்தத் தெருவில் யார் வீட்டு ஸ்வெட்டர் கிழிந்தாலும் அது கடைசியில் வந்து சேரும் இடம் கம்பளியக்கா வீட்டு வாசல்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பகலெல்லாம் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு, மூச்சு வாங்க மாடியேறி வருகிறவளை அந்தப் பைதான் முதலில் வரவேற்கும்.

"ஊர்க் குப்பையெல்லாம் என் தலையிலதானா?" என்று முனகுவாள். முனகிக்கொண்டே உள்ளே எடுத்துப் போவாள்.

அந்தப் பெயர் அவளுக்கு வந்ததே ஒரு தவறுதலால்தான். சலவைக்கூடத்தில் யாரோ ஒருத்தி கம்பளி ஸ்வெட்டர் ஒன்றைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது அது பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி தடித்திருந்தது. தூக்கி எறிய மனமில்லாமல் இவள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வீட்டில் அப்போது கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெயின்டர் அவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து வேலையும் இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. அந்தத் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து ஒரு மூலையை வெட்டினார்.

"இங்க பாரேன், நூலே பிரியல!" என்றார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் குரலில் உயிர் வந்தது அன்றைக்குத்தான்.

அன்று பிடித்த வேலை விடவில்லை. வருகிற துணியில் அவர் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். முடி கருகும் வாடை அடித்தால் நிஜக் கம்பளி. பிளாஸ்டிக் மாதிரி உருகி உருண்டையானால் அது இந்த வேலைக்கு ஆகாது. பிறகு தையலைப் பிரித்து, பொத்தான், ஜிப் எல்லாம் கழற்றி வைப்பார். அவள் அதைச் சோப்பு நுரையும் வெந்நீருமாக மெஷினில் போடுவாள். உரசல் வேண்டும் என்று கூடவே ஒரு பழைய ஜீன்ஸையும் போடுவாள். இழையோடு இழை பின்னி இறுகிப் போகும். அதுதான் ஃபெல்ட். ஈரத்தோடு தட்டிப் பரப்பிக் காயவைத்தால், பொம்மை செய்கிறவர்களும் கைவேலை டீச்சரும் வந்து வாங்கிப் போவார்கள்.

அவருக்கு அது உயிர் கொடுத்தது உண்மை. அவளுக்கோ ஒரு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை காத்திருந்தது. அங்கேயும் ஈரம், இங்கேயும் ஈரம். விரல் நுனியெல்லாம் எப்போதும் வெந்து வெளுத்தே கிடந்தது. விட்டுவிடலாம் என்று பலமுறை வாய்வரை வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் கண்டக்டர் வந்தார். கீழ்மாடியில் குடியிருக்கிற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பஸ் கண்டக்டர் குரலிலேயே பேசுகிற பெரியவர். அன்று மாலை அவள் வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"பழுப்பு ஸ்வெட்டர்! காலர்ல பச்சைக் கோடு! எங்க அது?"

அவள் கண்ணைத் திறந்து கொடியைப் பார்த்தாள். காலையில்தான் அதைத் தையல் பிரிக்காமல் முழுசாகவே வெந்நீரில் போட்டு எடுத்திருந்தாள். கொடியில் தொங்கியது, கைக்குழந்தைக்குப் போடலாம் போல.

"உங்க வீட்டுப் பையிலதாங்க இருந்துச்சு..."

"என் பொண்ணு பார்க்காம போட்டுட்டா. அது என் சம்சாரம் பின்னினது. எப்படியாவது பழையபடி ஆக்கிக் கொடும்மா."

"ஆகாதுங்க. ஒரு தடவை இறுகினா இறுகினதுதான்."

"தண்ணில ஊறவெச்சு இழுத்தா?"

வராது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவர் நம்பமாட்டார் என்றும் தெரியும். வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்வெட்டரை அதிலேயே முக்கினாள். ஒரு கையை அவளும் மறு கையைக் கண்டக்டரும் பிடித்து இழுத்தார்கள். பெயின்டர் நாற்காலியில் இருந்தபடியே அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இழுங்க ஐயா, இழுங்க! கயிறு இழுக்கிற போட்டியில ஜெயிக்கிறவங்களுக்கு ஸ்வெட்டர்!" என்றார்.

கண்டக்டருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் கையை விட்டார். ஸ்வெட்டர் இம்மியும் நீளவில்லை. ஈரத்தோடு அதை மார்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதட்டினபோது கோபமாக இருந்த அவளுக்கு, அவர் பேசாமல் போனது தாங்கவில்லை.

மறுநாள் அவள் வேலைவிட்டு வரும்போது கண்டக்டரின் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அவரு உன்னைத் திட்டினாரா?"

"இல்லைங்கம்மா. பாவம், மனசு உடைஞ்சு போயிட்டாரு."

அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பையில போட்டது பொண்ணு இல்லம்மா. நான்தான்."

கம்பளியக்கா அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒவ்வொரு குளிருக்கும் முழங்கை பிஞ்ச ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மடியில வெப்பாரு. 'உன் கைவாகு யாருக்கு வரும்'னு சொல்லுவாரு. என் கையைப் பாரு." நீட்டிய விரல்கள் முடிச்சு விழுந்து, லேசாக நடுங்கின. "ஊசி நிக்க மாட்டேங்குது. முடியலன்னு சொன்னா அவரு என்னைக் கிழவியாப் பார்க்க ஆரம்பிச்சிடுவாருன்னு பயம். இப்ப பழியைப் பொண்ணு தூக்கிக்கிட்டா."

"அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா."

"சொல்றது உனக்கு சுலபமா இருக்கு."

அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குள் போனவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவர் ஒரு மடி நிறைய நூலை வைத்துக்கொண்டு தையல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எனக்கு முடியல," என்றாள். "உடம்பு அசந்து போச்சு. கொஞ்ச நாளைக்கு இந்தக் கம்பளியே வேண்டாம்." சொன்னதும் பயந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? கழுத்து வலியில உயிர் போகுது எனக்கு. உனக்கு ஆசையான வேலையாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு பிரிச்சுட்டிருக்கேன்."

"எனக்கு ஆசையா? உங்களுக்காகத்தானே நான்..."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழவும் தெம்பில்லை. தரையில் கிடந்த கம்பளிக் குவியலிலேயே தலையை வைத்துப் படுத்தாள். கம்பளி காய ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அவர் நிறுத்திவிட்டு, அவள் எழும்வரை சத்தம் காட்டவில்லை.

அதன் பிறகு பைகள் வாசலோடு திரும்பிப் போயின. ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. விடுமுறை நாளில், மனசிருந்தால், ஒன்றிரண்டு செய்வார்கள். கண்டக்டர் வீட்டில் அந்த அம்மாள் உண்மையைச் சொன்னாரா என்று இவள் கேட்கவில்லை. ஒருநாள் கீழே போனபோது பார்த்தாள். பழுப்பு ஸ்வெட்டருக்குள் வெந்நீர்ப் பை ஒன்றை நுழைத்து, மனைவியின் கைகளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார் கண்டக்டர்.

"சூடு போதுமா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்.